ஸ்பீக்கர் பெட்டியைத் தறி ஆசாரியிடம் கொண்டுபோங்கள்: காஞ்சிபுரத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பிள்ளையார்பாளையம், சின்ன காஞ்சிபுரம், ஓரிக்கை, செவிலிமேடு என்று ஊரின் நாலு பக்கத்திலும் நீங்கள் இருக்கிறீர்கள். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறீர்கள். சம்பளத்தில் மிச்சம்பிடித்த பணத்தோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஊஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர் போர்டு, டெர்மினல் எல்லாம் அடங்கிய ஸ்பீக்கர் கிட்டை வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பிரித்து வைக்கிறீர்கள். கடையில் ரெடியாக விற்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராமல், கையால் செய்து கேட்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அந்த ஆசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த ஆசையை நீங்களே பாதியில் கெடுத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் இதே ஊரில் பல வருஷமாக ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் அசெம்பிள் செய்துகொடுத்து வருகிறவன். கிட் வாங்கியவர்கள் கடைசியில் என்னிடம் கொண்டுவந்து வைக்கும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பாஸ் நல்லா வருது, ஆனா பாட்டு புரியல." பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறேன். யாரோ கடையைக் காலி செய்தபோது கழற்றிப் போட்ட பார்ட்டிகிள் போர்டு. மூலையில் ஆணி அடித்திருக்கிறது, இடைவெளியில் எம்-சீல் அப்பியிருக்கிறது. ஊஃபருக்கு வெட்டிய ஓட்டை வட்டமாகவே இல்லை. ஒரு பக்கம் ஊஃபரின் விளிம்பு பலகையில் உட்காரவே இல்லை. அந்தச் சந்தில் விரலை வைத்துப் பாட்டைப் போட்டால் காற்று அடிப்பது தெரிகிறது. வெளியே மட்டும் பளபளவென்று மைக்கா ஒட்டியிருக்கிறது.

இதே பெட்டிக்குள் இருக்கும் ஊஃபரைத் தேர்ந்தெடுக்க நீங்கள் எத்தனை ராத்திரி பேசியிருப்பீர்கள்! மேக்னெட் எத்தனை அவுன்ஸ், எத்தனை வாட்ஸ், கோன் பேப்பரா பாலியா என்று அலசியிருப்பீர்கள். பெட்டி என்று வந்ததும் "கிடைச்ச பலகையில அடிச்சுக்கலாம்" என்று முடித்துவிடுகிறீர்கள். பிறகு பாட்டு புரியவில்லை என்றால் பழி கிட் மேல் விழுகிறது. பாதி விலைக்கு அதை யாரிடமாவது தள்ளிவிட்டு அடுத்த கிட் வாங்கப் போகிறீர்கள். இந்தச் சுழற்சியில் உங்கள் பணம் போகிறது. அதைவிட வருத்தம், நாமே செய்தால் இப்படித்தான் இருக்கும் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

ஸ்பீக்கரில் பாதி பெட்டிதான். அதை நான் காரணத்தோடு சொல்கிறேன், கேளுங்கள்.

ஊஃபரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் அதே காற்றை இழுக்கிறது. பெட்டி இல்லாமல் வெறுமனே ஊஃபரைக் கையில் பிடித்துப் பாட்டைப் போட்டுப் பாருங்கள், கனமான ஒலியே வராது. முன்னால் வந்த கீழ் ஒலியைப் பின்னால் வந்த ஒலி சுற்றிவந்து அழித்துவிடும். இந்த இரண்டையும் பிரித்துவைப்பதுதான் பெட்டியின் முதல் வேலை. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-ல் ஏஆர்-1 என்ற மூடிய பெட்டியைக் கொண்டுவந்தபோது, உள்ளே அடைபட்ட காற்றையே ஊஃபரின் ஸ்பிரிங்காக வேலை செய்யவைத்தார். சின்னப் பெட்டியிலிருந்து பெரிய ஒலி வந்தது அதனால்தான். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவரைத் தொடர்ந்து 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் எழுதிய கட்டுரைகளால், எந்த ஊஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதைக் கணக்குப் போட்டே சொல்ல முடிந்தது. உங்கள் கிட்டோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று மூன்று எண்கள் இருக்கும். அதைத்தான் நீங்கள் கசக்கித் தூர எறிகிறீர்கள். அந்தத் தாள் ஊஃபரின் ஜாதகம், பத்திரமாக எடுத்துவையுங்கள்.

தாளில் எழுதியிருக்கும் லிட்டர் அளவு உள்ளளவு. இந்த ஒரு விஷயத்தில் தவறும் பெட்டிகள் ஏராளம். 20 சென்டிமீட்டர் அகலம், 30 உயரம், 25 ஆழம் என்று ஒரு பெட்டி செய்கிறீர்கள் என்று வையுங்கள். பெருக்கினால் 15 லிட்டர். ஆனால் பலகை 18 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு பக்கமும் அதைக் கழித்தால் உள்ளே 16.4, 26.4, 21.4 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 9.3 லிட்டர். அதிலும் குறுக்குச் சட்டம், ஊஃபரின் பின்பாகம், போர்ட் குழாய் எல்லாம் இடம் பிடிக்கும். 15 லிட்டர் கேட்ட ஊஃபரை 9 லிட்டரில் அடைத்தால் அது எப்படிப் பாடும்? மூச்சுமுட்டி ஒரே இடத்தில் உருட்டும். நீங்கள் "பாஸ் நல்லா வருது" என்று சொல்கிறீர்களே, அந்த உருட்டல்தான் அது.

பானை ஸ்பீக்கர் உங்களுக்கு நினைவிருக்காது, உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள். டேப் ரெக்கார்டர் காலத்தில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்காத தெரு தமிழ்நாட்டில் குறைவு. வசதி இல்லாததால் செய்தது என்று அதைச் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். அந்தப் பானையில் விஷயம் இருந்தது. எதிரெதிரே நேராக நிற்கும் சுவர்கள் பானைக்குள் கிடையாது. சுட்ட மண் விறைப்பானது, சுலபத்தில் அதிராது. வில்ச்சரையும் தீலையும் யாரும் படிக்காமலே நம் ஆட்கள் காதால் கண்டுபிடித்தது அது. உங்கள் சதுரப் பெட்டிக்குள்ளோ நேர்ச்சுவர்கள் நிற்கின்றன. 30 சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிராக இரண்டு சுவர் இருந்தால் ஏறத்தாழ 580 ஹெர்ட்ஸில் ஒலி அங்கேயே தங்கி முழங்கும். பாடுகிறவரின் குரல் நடமாடும் இடம் அது. அகலம், உயரம், ஆழம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று முழக்கமும் ஒரே இடத்தில் விழும். ஆகவே கனசதுரமாகப் பெட்டி செய்யாதீர்கள். உள்சுவரில் பாலியஸ்டர் பஞ்சு ஒட்டுங்கள். இலவம்பஞ்சு வேண்டாம், நாளடைவில் அது சரிந்து அடியில் குவிந்துவிடும்.

தடித்த பலகை போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 1970-களில் பிபிசி தன் வெளி ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத் தேடி வாங்குகிறார்கள். அதன் பலகை வெறும் 12 மில்லிமீட்டர் பர்ச் ப்ளைவுட். அதிர்வை அடக்க உள்ளே தார் கலந்த தகடு ஒட்டியிருந்தார்கள். மூலைச் சட்டத்துக்கு பீச் மரம் என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்துக்கு வேறு மரம் போட்டபோது ஒலியில் மாற்றம் தெரிந்தது. மூலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு விரல்கனச் சட்டத்தின் மரம்கூடக் காதில் கேட்கிறது என்றால், கடை ஷோகேஸைக் கழற்றிய பலகையில் என்ன கேட்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டுக்குத்தான், நம் பாட்டுக்கு இவ்வளவு தேவையில்லை என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். நம் பாட்டுக்குத்தான் இது அதிகம் தேவை. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ல் சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சாதாரணத் தோலில் எழும் ஒலிகள் ஒன்றுக்கொன்று சுருதி சேராதவை. நடுவே ஏற்றும் கரணையால்தான் மிருதங்கத்திலும் தபேலாவிலும் அவை சுருதியோடு இணைகின்றன என்று காட்டினார். அதாவது அந்தக் கரணையை அரைத்து ஏற்றியவர் பட்ட பாடெல்லாம் அந்த ஒலியை ஒழுங்குபடுத்தத்தான். அதை ஒரு முழங்குகிற பெட்டியில் போட்டு வலந்தலை எது தொப்பி எது என்று தெரியாமல் ஆக்குவது நியாயமா?

நாம் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் நாயனா பிள்ளை இந்த ஊர்க்காரர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று முழுப் பக்கவாத்தியத்தையும் உட்காரவைத்துக் கணக்குப் பாடியவர். அவர் கச்சேரிகளைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த டி.கே. பட்டம்மாள் 1919-ல் இந்த ஊரில் பிறந்தவர். உங்கள் பெட்டி முடிந்ததும் முதலில் பட்டம்மாளின் பழைய ரெக்கார்டு ஒன்றைப் போடுங்கள். அந்தக் குரலில் எழுத்து எழுத்தாகச் சாகித்யம் கேட்கும். கேட்கவில்லை என்றால் குறை பெட்டியில் இருக்கிறது. சினிமாப் பாட்டில் பாஸை மட்டும் கேட்டுப் பெட்டியை எடைபோடாதீர்கள், பாஸ் எந்த டப்பாவிலும் வரும்.

கிராஸ்ஓவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சால்டரிங் உங்களுக்குக் கைவந்த கலை. கம்பெனி லைனில் தினமும் செய்கிறீர்கள், என்னைவிடச் சுத்தமாகவே செய்கிறீர்கள். ஆனால் கிட்டில் கொடுத்த கெபாசிட்டரை எடுத்துவிட்டு "இதைவிடப் பெரிசு" என்று வேறு மதிப்பைப் போடுகிறீர்கள். வேண்டாம். நம் சேலையில் கோர்வை என்ன செய்கிறதோ அதைத்தான் கிராஸ்ஓவர் செய்கிறது. ஒரு நிற உடலும் இன்னொரு நிற பார்டரும் தனித்தனி ஊடையில் ஓடி, சேருமிடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. உடல் கிழிந்தாலும் பார்டர் பிரியாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்தப் பிடிப்பை நம்பித்தான். ஊஃபர் விடும் இடமும் ட்வீட்டர் பிடிக்கும் இடமும் அப்படிச் சேர வேண்டும். ஒரு மதிப்பு மாறினால் அங்கே பிளவு விழும். காயில்கள் இரண்டையும் அடுத்தடுத்து ஒரே திசையில் படுக்கவைக்காதீர்கள். ஒன்றை நிற்கவைத்து ஒன்றைப் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றில் ஏறும். ஊஃபரின் பிளஸ் மைனஸில் சந்தேகம் இருந்தால் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் எந்தக் காலில் பட்டபோது கோன் முன்னால் வருகிறதோ அதுதான் பிளஸ். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பெட்டியைச் செய்ய நம் ஊரில் ஆள் இருக்கிறார்கள். தறி ஆசாரிகளைச் சொல்கிறேன். தறிக்கால் நாட்டியவர்கள், படமரம் கடைந்தவர்கள், மிதிகட்டையும் பலகையும் செய்தவர்கள். உங்கள் வீட்டுத் தறியை அவர்களில் ஒருவரோ அவர் அப்பாவோ செய்திருப்பார். தறியின் சட்டத்தில் ஒரு நூல் பிசகினால் பாவு ஒரு பக்கம் இழுக்கும், சேலை கோணும், நெய்கிறவர் அன்றைக்கே வந்து சண்டை போடுவார். மூலைமட்டம் பிசகாமல் மரத்தை இணைக்கும் பழக்கம் அந்தக் கைகளுக்கு அப்படி வந்தது. தறி குறையக் குறைய அவர்களுக்கு வேலை குறைந்துவருகிறது. ஒரு ஆசாரி கட்டட வேலைக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கப் போகிறார், அவருடைய இழைப்புளி எல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் கிடக்கிறது. அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டு, அதே தெருவில் உங்கள் ஆணி அடித்த பெட்டியையும் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக வருகிறது. வேலை தேடும் கை ஒரு வீட்டில், கை தேடும் வேலை அடுத்த வீட்டில். நடுவில் கதவைத் தட்டியவர்கள் மிகக் குறைவு.

தட்டிய சிலரும் கூலியில் தகராறு செய்திருக்கிறார்கள். இதை நான் நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊஃபருக்குக் கடைக்காரர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, ஆசாரியிடம் வந்து "நாலு பலகையை ஒட்டுறதுக்கு இவ்வளவா?" என்று கேட்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அந்த ஆசாரி பதில் பேசாமல் அளவு எழுதிய தாளை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தத் தம்பியின் அப்பா நெய்த சேலையை காந்தி ரோடு கடைக்கு எடுத்துப்போனபோது யாராவது "நூலை நூலோடு சேர்க்கிறதுக்கு இவ்வளவு கூலியா?" என்று கேட்டிருந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு உலை கொதித்திருக்குமா? கூலியின் வலி தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் நீங்கள். உங்களிடமிருந்து அந்தக் கேள்வி வரக்கூடாது.

ஆசாரியிடம் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். கிட்டில் இருக்கும் படத்தை மில்லிமீட்டரில் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு பலகையின் நீள அகலத்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். உள்ளளவு எது, வெளியளவு எது என்று தெளிவாகக் குறியுங்கள். ஊஃபரையும் கையில் கொண்டுபோங்கள். பொருளைப் பார்த்து வெட்டும் ஓட்டை தாளைப் பார்த்து வெட்டும் ஓட்டையைவிடப் பொருந்தும். ஊஃபரின் விளிம்பு பலகையோடு சமமாக உட்கார எவ்வளவு ஆழம் பள்ளம் எடுக்க வேண்டும் என்பதை அவரே பார்த்துச் சொல்வார். ஒலியைப் பற்றி நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள், மரத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பலகைக்கு எதை வாங்குவது என்று கேட்பீர்கள். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், ஸ்குரூ பிடிக்காது, ஈரம் பட்டால் உப்பிவிடும். எம்டிஎஃப் ஒலிக்கு நல்லது, வெட்டவும் சுலபம். ஆனால் அதன் வெட்டு விளிம்பு ஐப்பசி கார்த்திகை ஈரத்தைக் குடிக்கும். அதை எடுத்தால் விளிம்பு முழுவதையும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலோ சேண்டிங் சீலரோ போட்டு அடைத்துவிட வேண்டும். அதன் தூசி மாவு மாதிரி நுணுக்கமானது, நுரையீரலுக்குக் கெடுதல். வெட்டும் இடத்தில் நீங்களும் ஆசாரியும் மாஸ்க் இல்லாமல் நிற்காதீர்கள். என்னைக் கேட்டால் நம் ஊர் ஈரத்துக்கு 18 மில்லிமீட்டர் பிடபிள்யூஆர் ப்ளைவுட்டே நல்லது. ஷீட்டின் மேல் ஐஎஸ் 303 முத்திரையும் பிடபிள்யூஆர் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தேக்குப் பலகையிலேயே முழுப்பெட்டியும் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: முழு மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும், இணைப்பு திறக்கும். தேக்கை வெனீராக வெளியே ஒட்டிக்கொள்ளுங்கள். வெளியே ஒட்டினால் உள்பக்கத்திலும் ஏதாவது ஒரு தாளை ஒட்டச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை வளையும்.

ஒட்டும்போது ஆணி வேண்டாம். ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, இரவு முழுக்க விடுங்கள். பெரிய பக்கப் பலகைகளுக்கு இடையே ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள், சரியாக நடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். ஊஃபரைப் பிடிக்க மரஸ்குரூவுக்குப் பதில் டி-நட்டும் மெஷின் ஸ்குரூவும் போடுங்கள், எத்தனை முறை கழற்றினாலும் பிடி போகாது. உள்மூலைகளில் சிலிகான் அடிப்பதானால், புளித்த வாடை அடிக்கும் சிலிகான் காய்ந்து வாடை முழுக்கப் போன பிறகே ஊஃபரைப் பொருத்துங்கள். அந்த ஆவி செம்புக் கம்பியை அரிக்கும். போர்ட் குழாய்க்கு பிவிசி பைப் வாங்கும்போது உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள்; கொஞ்சம் நீளமாக வெட்டிவைத்துப் பிறகு குறையுங்கள், வெட்டியதை நீட்ட முடியாது.

மூடிய பெட்டியாக இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. எல்லாம் மாட்டிய பிறகு, ஊஃபரின் கோனை இரண்டு கைவிரல்களாலும் விளிம்போரமாக மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். பெட்டி இறுக்கமாக இருந்தால் கோன் நிதானமாகத் திரும்பி வரும். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் டெர்மினல் கப்பைச் சுற்றித்தான் இருக்கும். அங்கே ஒரு ஃபோம் கேஸ்கெட் வைத்து மறுபடி அழுத்திப் பாருங்கள். உங்கள் விரலுக்கே வித்தியாசம் தெரியும்.

பாலிஷ் வேலைக்கு அவசரப்படாதீர்கள். அரக்குப் பாலிஷ் போடுவதானால் மழை நாளில் கண்டிப்பாக வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் ஸ்பிரிட் ஆவியாகும்போது அந்த ஈரம் பூச்சில் மாட்டிக்கொண்டு வெள்ளை பூக்கும். மரவேலையை மழைக்காலத்தில் முடித்துவைத்துவிட்டு, பாலிஷைத் தை மாத வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்க விரும்புகிறவர்கள் பொம்மைக்காரத் தெருவில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காகிதக்கூழ் பொம்மையைக் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, பூச்சின் மேல் பூச்சு ஏற்றி, கொலுப் பொம்மையின் கன்னத்தை வழவழப்பாக்குகிறார்களே, அந்தப் பொறுமை பெட்டிக்கும் வேண்டும். லப்பம் வைத்துத் தேய்க்காத பலகையில் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டும் இணைப்புக் கோட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் வீடுகளைப் பற்றியும் யோசியுங்கள். நீளமான கூடம், சிமென்ட் தரை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். பெட்டியை மூலையில் தள்ளினால் பாஸ் பெருகி ஊதும், சுவரிலிருந்து முன்னால் இழுத்து வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் அதிகாலையில் தறியில் உட்கார வேண்டியவர் தூங்குகிறார். ஒழுங்காகச் செய்த பெட்டியின் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது: வால்யூமைக் குறைத்துவைத்தாலும் பாட்டு முழுசாகக் கேட்கும். பெட்டி முழங்குவதால் வார்த்தை புரியாமல், புரியவில்லை என்று வால்யூமை ஏற்றி, ஏற்றியதால் இன்னும் முழங்கி, கடைசியில் தெருவோடு சண்டை போடுகிறீர்களே, அந்தச் சண்டையே வராது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். தனித்தனியாகச் செய்யாதீர்கள், மூன்று பேர் சேருங்கள். மேலே சொன்ன 20, 30, 25 சென்டிமீட்டர் வெளியளவில் ஒரு ஜோடிப் பெட்டிக்கு ஏறத்தாழ 7,400 சதுர சென்டிமீட்டர் பலகை தேவை. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் 29,700-க்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. குறுக்குச் சட்டமும் சேதாரமும் போக மூன்று ஜோடி தாராளமாக வரும். அவரவர் மட்டமான பலகை வாங்கும் செலவைச் சேர்த்தால் நல்ல ஷீட் ஒன்றுக்குப் பெரும்பங்கு வந்துவிடும். ஆறு பெட்டிக்கான வேலை ஒன்றாக இருந்தால் ஆசாரிக்கும் சில நாள் தொடர்ந்து கூலி கிடைக்கும், ஒரு பெட்டிக்காக அவர் சாக்கை அவிழ்த்துக் கட்ட வேண்டியதில்லை. கூலியை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதைக் கொடுங்கள். பாதியை வேலை தொடங்கும்போதே கொடுங்கள். அவர் வெட்டும்போது பக்கத்தில் நின்று பிடியுங்கள், கிளாம்பை நீங்கள் இறுக்குங்கள், உப்புத்தாளை நீங்கள் தேயுங்கள்.

முடிந்ததும், தை மாதத்து ஞாயிறு ஒன்றில், பாலிஷ் காய்ந்த பெட்டிகளை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டுக் கூடத்திலாவது ஒன்றுகூடுவோம். ஆம்ப்ளிஃபையர் நான் கொண்டுவருகிறேன். பட்டம்மாள் ரெக்கார்டும் கொண்டுவருகிறேன். பெட்டி செய்த ஆசாரியை மறக்காமல் அழைத்துவாருங்கள். அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் வரட்டும். கேட்க உட்காருவதற்கு முன் உங்கள் வெட்டு அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த வருஷம் கிட் வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துச் செய்துகொள்வார்கள்.

இப்போது கிட்டைப் பிரித்துவைத்திருப்பவர்கள், பலகை வாங்கும் முன் இந்த வாரமே ஒரு ஆசாரி வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் ரேடியோக்கார அண்ணன்